நூற்றைம்பதில் ஒரு மஞ்சள் வேன்

2022 மார்ச் 3, வியாழன்

சாக்ஸ் இல்லாமல் ஷூ போட்ட ஒரு பயல் இன்றைக்கு எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தான். பெயர் நிரஞ்சன். பொன்வயல் என்க்ளேவின் சேல்ஸ் மேனேஜர். மீசை இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை, விசிட்டிங் கார்டில் மட்டும் மூன்று வரிக்குப் பதவி.

சரவணம்பட்டி தாண்டி அவர்கள் கட்டப்போகும் இரண்டு பிளாக் அடுக்குமாடிக்கு மாடல் செய்வது நான்தான். சேல்ஸ் ஆபீசில் மேசை மேல் வைத்துக் காட்டுவார்களே, அது. நூற்றில் ஒன்று அளவு. நிஜத்தில் ஒரு மீட்டர் என்றால் என் மேசையில் ஒரு சென்டிமீட்டர். கட்டடம் எழுப்பியாயிற்று, என் உதவியாள் ஜெசிந்தா பஞ்சுக்குப் பச்சை அடித்து மரமெல்லாம் நட்டுவிட்டாள். கார்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான்.

சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், கார் எல்லாம் ரொம்பப் பெருசா இருக்கு. டிரைவ்வே சந்து மாதிரி தெரியுது" என்றான்.

"கார் பெருசில்லீங்க தம்பி. உங்க வழிதான் சிறுசு" என்றேன்.

சிரித்தான். வெட்கமே இல்லை. அடுத்த சின்ன சைஸ் கார் போடுங்க சார் என்றான். நூற்றைம்பதில் ஒன்று, கடையில் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்குகிறது, எனக்குத் தெரியாதா? கட்டடம் ஓர் அளவு, கார் இன்னோர் அளவு என்றால் அது மாடல் இல்லை, கொலுவில் வைக்கிற பார்க் என்று சொன்னேன். அங்கேதான் புலியும் போலீஸ்காரரும் ஒரே உயரத்தில் நிற்பார்கள்.

"யார் சார் ஸ்கேல் வெச்சு அளக்கப் போறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மாற்ற முடியாது. என் பெயர் போட்டு வெளியே போகிற சாமான்.

2022 மார்ச் 6, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எனக்கு மரகதம் வீட்டில்தான். என் ஒரே தங்கை. எனக்குக் கல்யாணம் குதிரவில்லை, அவளுக்குக் குதிர்ந்தது. அதனால் அவள் சமைக்கிறாள், நான் சாப்பிடுகிறேன். இன்றைக்குக் கோழி வறுவல், காரம் தூக்கல்.

மாப்பிள்ளை தண்டபாணி சாப்பாட்டின் நடுவில் எழுந்து தெருமுனை வரை போய் வேனைப் பார்த்துவிட்டு வந்தார். சோறு ஆறியது. மஞ்சள் வேன், முன்கண்ணாடியில் "மாசாணியம்மன் துணை" என்று சிவப்பில் எழுதியிருக்கும். தினமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், லீவு நாளில் கோயில் டிரிப். அந்த வண்டிதான் அவர்களுக்குச் சோறு. வீடு இருக்கிற சந்துக்குள் அது நுழையாது, ரோட்டோரம் நிற்கிறது. டீசல் திருடுகிறான்கள், கண்ணாடியை உடைக்கிறான்கள். சில நாள் மாப்பிள்ளை வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்கிறாராம்.

"இந்த வீட்ட வித்துப்போட்டு ஒரு ஃபிளாட்டுக்குப் போயிரலாம்னு இருக்கறோங்ணா. நீங்கதான் நல்லதா ஒண்ணு பாத்துச் சொல்லோணும்" என்றாள் மரகதம்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங் மச்சான்" என்றார் தண்டபாணி. "வண்டி உள்ள வந்து நிக்கோணும். ஜன்னலத் தொறந்தா கண்ணுல படோணும். மத்ததெல்லாம் இவ பாத்துக்குவா."

பொன்வயல்காரர்களிடம் என் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு, நான் சொன்னால் தட்டமாட்டார்கள் என்று சொன்னேன். சும்மா சொல்லவில்லை, உண்மைதான். மரகதம் முகம் மலர்ந்துபோயிற்று. தட்டில் இன்னும் இரண்டு துண்டு விழுந்தது.

2022 மார்ச் 8, செவ்வாய்

நிரஞ்சனுக்கு போன் போட்டேன். "உங்க தங்கச்சின்னா கேக்கணுமா சார்! பி பிளாக்ல முதல் மாடி, பின்பக்க ஜன்னல். கீழயே பார்க்கிங். எடுத்து வெச்சிடறேன்" என்றான். யாருக்கும் கொடுக்காத இடமாம், எனக்காக.

உடனே மரகதத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அழுதே விட்டாள். மாப்பிள்ளை போனை வாங்கி, "மச்சான்னா மச்சான்தானுங்" என்றார். வெகு நாளைக்குப் பிறகு ஒரு பெரிய மனுஷனாக உணர்ந்தேன் என்பதை இங்கே எழுதிக்கொள்வதில் தப்பில்லை.

அந்த போனிலேயே நிரஞ்சன் கார் விஷயத்தையும் கேட்டான். சரி பார்க்கலாம் என்றேன். கேட்டதைச் செய்துகொடுத்தவனிடம் உடனே முகத்தைத் திருப்பமுடியுமா?

2022 மார்ச் 10, வியாழன்

கார்களை எல்லாம் மாற்றியாயிற்று. வழி அகலமாகிவிட்டது. எனக்கே அங்கே போய்க் குடியிருக்கலாம் போல ஆசையாக இருந்தது.

மாடலில் மரகதத்தின் வேன் நிற்கவேண்டும் என்று நிரஞ்சனே சொன்னான். பெரிய வண்டிகூட நிறுத்தலாம் என்று மற்றவர்களுக்கும் தெரியுமாம். பி பிளாக் மூலையில் ஒரு வளைவு வருகிறது. ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், மறுபக்கம் தூண். அதைக் கடந்தால்தான் பின்னால் பார்க்கிங். பெட்டியில் நூறு அளவு வேன் ஒன்று கிடந்தது. சும்மாதான் அதை வளைவில் வைத்துத் தள்ளிப் பார்த்தேன். மூக்கு சுவரில் முட்டியது. பின்னால் இழுத்து மறுபடி தள்ளினேன். இடுப்பு தூணில் இடித்தது. தூணுக்குப் போட்ட பசை காயாமல் தூண் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம்.

"பசை முந்தாநாளே காஞ்சிருச்சு சார்" என்றாள் ஜெசிந்தா.

"உன்னக் கேட்டனா?"

"கேக்கல சார். உங்க தங்கச்சி வீட்டு வண்டியாச்சேன்னு சொன்னேன்." அவள் மகள் தண்டபாணி வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். அந்த உரிமையில் பேசுகிறாள்.

மாடல் வேறு, ரோடு வேறு. தண்டபாணி எத்தனை வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறவர்! மலைப்பாதையில் ஓட்டுகிறவருக்கு இந்த வளைவு ஒரு வளைவா? ஒடித்து எடுத்தால் போய்விடும். மேலும் பிளான் காகிதத்தில் எல்லா அளவும் போட்டிருக்கிறது, யாரும் எதையும் மறைக்கவில்லை.

நூற்றைம்பது அளவு வேன் ஒன்றை எடுத்து நானே மஞ்சள் அடித்தேன். எழுத்து எழுத இடம் இல்லை, முன்கண்ணாடியில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தேன். மாப்பிள்ளை வண்டியேதான். வளைவில் சல்லென்று போயிற்று.

2022 மார்ச் 13, ஞாயிறு

சேல்ஸ் ஆபீசில் மாடலைப் பார்க்க இருவரும் வந்தார்கள். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, மரகதம் தீபாவளிப் புடவை. ஏதோ பெண் பார்க்க வந்த மாதிரி.

தண்டபாணி மஞ்சள் வேனைப் பார்த்ததும் குனிந்தார். மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டார். "நம்ம வண்டிங் மச்சான்!" என்றார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. "அட, சிவப்பெழுத்து மொதக்கொண்டு போட்டிருக்கறீங்!"

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மரகதம்தான், "ஏண்ணா, வண்டிப் பக்கத்துல நிக்கறானே இந்த ஆளு, வண்டி ஒசரத்துக்கு இருக்கறானே?" என்றாள்.

வேனுக்குப் பக்கத்தில் நான் நிறுத்தியிருந்த ஆள் நூறு அளவு. கார்களை மாற்றினேனே தவிர ஆட்களை மாற்ற மறந்துவிட்டேன். நிரஞ்சன் என்னைப் பார்த்தான்.

"அவன் கொஞ்சம் வளந்து கெட்டவன் புள்ள" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மரகதமும் சிரித்தாள். சிரித்துவிட்டு, "அளவெல்லாம் செரியாத்தான இருக்குதுங்ணா?" என்று கேட்டாள். அவள் கேட்டது என்னைத்தான், நிரஞ்சனை இல்லை.

"செரியாத்தான் இருக்குது."

ஒரு எட்டு மனையைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றும் சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் பேசக்கூடாது. "காலி எடத்துல என்னத்தப் பாக்கறதுங் மச்சான்? நீங்க செஞ்சிருக்கறீங், அதுக்கு மேல என்ன?" என்றுவிட்டார் மாப்பிள்ளை.

2022 மார்ச் 14, திங்கள்

சேல்ஸ் ஆபீஸ் திறந்ததும் போய் அந்த உயரமான ஆளை இடுக்கியால் பிடுங்கிவிட்டேன். கார் நிற்கிற பக்கம் இனி ஆட்களே வேண்டாம். எல்லாரும் தோட்டத்தில் நிற்கட்டும், நல்ல காற்று.

2022 ஏப்ரல் 14, வியாழன்

சித்திரை ஒண்ணு. மரகதம் ஃபிளாட்டுக்குக் கையெழுத்துப் போட்டாள். பழைய வீட்டை விற்றாயிற்று. கட்டி முடியும் வரை வாடகை வீடு. பாயசம் நன்றாக இருந்தது.

2023 ஜூன் 18, ஞாயிறு

இந்த நோட்டை எடுத்து வெகு நாளாயிற்று. எழுதும்படி ஒன்றும் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு தண்டபாணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சைட்டுக்குப் போனாராம். தூண் எல்லாம் எழும்பிவிட்டதாம். "பி பிளாக் மூலைல காலடி வெச்சுப் பாத்தனுங். கொஞ்சம் நெருக்கமாத் தெரியுதுங் மச்சான்" என்றார். குரலைத் தாழ்த்திச் சொன்னார், மரகதம் காதில் விழக்கூடாதாம்.

"கம்பி, ஜல்லியெல்லாம் கொட்டி வெச்சிருப்பானுக மாப்ள. அதுல அப்படித்தான் தெரியும்."

"செரிதானுங். இப்பன்னா மாத்திக் கேக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு. வேற பிளாக்குல முன்பக்கம் ஒண்ணு காலியாத்தான் இருக்குதாமா. அதான் உங்கள ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு."

நான் கேட்டு வாங்கின வீட்டை மாற்றுவதா? நிரஞ்சனிடம் போய் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? என்ன காரணம் சொல்வது? "அதெல்லாம் வேண்டாம் மாப்ள, நான் சொல்றனல்ல" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, மரகதம் எட்டிப் பார்த்தாள்.

"மச்சான் சொன்னா செரி" என்றார் அவர். அதோடு விட்டுவிட்டார். அப்படிச் சட்டென்று விடுகிற ஆளைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது. இன்னொரு தடவை கேட்டால்தான் என்ன?

2024 ஆகஸ்ட் 30, வெள்ளி

மரகதம் வீட்டுப் புதுமனை புகுவிழா. ஐயர் நேரத்துக்கு வந்தார், பசு நேரத்துக்கு வரவில்லை. பால் பொங்கியது.

அதன் பிறகு வேனை உள்ளே கொண்டுவந்து நிறுத்தவேண்டும் என்று மாப்பிள்ளையின் ஆசை. வேனுக்கு மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. சொந்தக்காரர்கள் எல்லாரும் கீழே இறங்கி வரிசையாக நின்றார்கள். பட்டு வேட்டியோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். கேட் தாண்டி வந்தது. பி பிளாக் மூலையில் நின்றது.

"ஒடிங்க, ஒடிங்க!" என்று ஒருவர். "பின்னால வாங்க, பின்னால!" என்று இன்னொருவர். சும்மா நிற்கிறவனுக்கெல்லாம் டிரைவிங் தெரியும் நம் ஊரில். அவர் பின்னால் எடுத்தார், முன்னால் வந்தார், மறுபடி பின்னால். வாழைக்கன்று சுவரில் உரசி ஒடிந்தது. கடைசியில் தகரம் கிழிகிற சத்தம். தூணில் மஞ்சளாக ஒரு கோடு. பின்னால் நாலைந்து கார் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. செக்யூரிட்டி ஓடிவந்து, "இந்த வண்டி திரும்பாதுங்க, இஞ்சினியர் அப்பவே சொன்னாரு. வெளிய எடுங்க" என்றான்.

தண்டபாணி ரிவர்ஸிலேயே கேட் வரை போய் ரோட்டில் நிறுத்திவிட்டு வந்தார். முகம் கழுவினார். பந்திக்கு வந்து தானே பரிமாறினார்.

என் இலைக்கு வந்ததும், "ரசம் ஊத்தட்டுங்ளா மச்சான்?" என்று கேட்டார்.

ஊற்றச் சொன்னேன். ரசம் நன்றாக இருந்தது என்று யாரோ சொன்னார்கள்.

திரும்பும்போது கீழே வரவேற்பறையில் மரகதம் நின்றிருந்தாள். விற்பனை முடிந்ததும் மாடலை அங்கே கண்ணாடி மூடிக்குள் வைத்துவிட்டார்கள். அவள் பி பிளாக் மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன். அவள் நகர்ந்து லிஃப்டுக்குப் போய்விட்டாள்.

2024 செப்டம்பர் 1, ஞாயிறு

மரகதம் கூப்பிடவில்லை. புது வீட்டில் வேலை இருக்கும். ஓட்டலில் சாப்பிட்டேன்.

2024 செப்டம்பர் 3, செவ்வாய்

நிரஞ்சனைப் பிடித்தேன். இப்போது வேறு கம்பெனியில் மனை விற்கிறான். என்னய்யா இப்படிச் செய்துவிட்டாய் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"சார், நான் சின்ன கார் வைங்கன்னு கேட்டேன். தங்கச்சிகிட்ட சொல்லாதீங்கன்னு நான் கேட்டேனா?" என்றான்.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. போனைத் தூக்கி எறிந்தேன். ஜெசிந்தா எடுத்துக் கொடுத்தாள். திரை உடைந்துவிட்டது.

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

ஓட்டல்.

2024 செப்டம்பர் 17, செவ்வாய்

ஜெசிந்தா வேலைக்குத் தாமதமாக வந்தாள். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன்.

"வேன் வரல சார். ராத்திரி ரோட்டுல நிறுத்தியிருந்த வண்டில பேட்டரிய எவனோ கழட்டிட்டுப் போயிட்டானாம். இந்த மாசத்துல ரெண்டாந்தடவ. பிள்ளைங்க எல்லாம் ரோட்டுலயே நின்னுச்சுங்க" என்றாள். பள்ளிக்கூடத்தில் அந்த ரூட்டுக்கு வேறு வண்டி பேசிவிட்டார்களாம். "தண்டபாணி அண்ணன் வந்து ஒவ்வொரு வீட்டுலயும் மன்னிப்புக் கேட்டுட்டுப் போனாரு சார். அவர் எதுக்குக் கேக்கணும்?"

போனை எடுத்து மரகதம் பெயர் வரைக்கும் போனேன். என்னத்தைச் சொல்வது? அவள் கத்தினால் தாங்கிக்கொள்வேன். "சொல்லுங்ணா" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டால்? வைத்துவிட்டேன்.

2024 அக்டோபர் 11, வெள்ளி

ஆயுதபூஜை. வருடா வருடம் வேனுக்கு மாலை நான் வாங்கிப் போவதுதான் பழக்கம். சம்பங்கியும் ரோஜாவும் வைத்து, வேனின் அகலத்துக்குக் கட்டச் சொல்லுவேன். யாரும் கூப்பிடாவிட்டாலும் இந்த ஒன்றை நிறுத்தக்கூடாது என்று மாலையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பேசிவிடலாம், பூஜை நாளில் யாரும் முகத்தைத் திருப்பமாட்டார்கள் என்று நினைத்தேன்.

ரோட்டில் வேன் இல்லை. வாட்டர் வாஷுக்குப் போயிருக்கும் என்று உள்ளே நடந்தேன். கார்களை எல்லாம் கழுவிப் பொட்டு வைத்திருந்தார்கள். எங்கே பார்த்தாலும் பூசணிக்காய்ச் சிதறல். பி பிளாக் மூலைத் தூணில் அந்த மஞ்சள் கோடு அப்படியே இருந்தது.

மரகதத்தின் பார்க்கிங் இடத்தில் கோலம் போட்டிருந்தது. நடுவில் வாழையிலை. பொரி, கடலை, பழம், எரிகிற கற்பூரம். தண்டபாணி வேட்டியை மடித்துக்கட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இலைக்கு முன்னால் என்ன என்று முதலில் தெரியவில்லை. கிட்டே போனேன்.

மாடலில் இருந்த மஞ்சள் வேன். நான் பெயின்ட் அடித்தது. செக்யூரிட்டியிடம் கேட்டுக் கண்ணாடி மூடிக்குள்ளிருந்து எடுத்திருக்கிறார்கள். சந்தனம், குங்குமம், ஒரு பூ. சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம். பழம் வண்டி அளவுக்கே இருந்தது.

"வாங் மச்சான்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. "நல்ல நேரத்துக்கு வந்தீங். வண்டிய நீங்களே எடுங்."

"மாப்ள, வண்டி எங்க?"

"போன வாரம் குடுத்துட்டனுங். ஓட்டமில்லாம ரோட்டுல நிறுத்தி எத்தன நாளைக்குப் பாத்துக்கிட்டு இருக்கறது? ஒரு மில்லுல டிரைவர் வேல சொல்லியிருக்கறாங்." கற்பூரத்தை வேனுக்குக் காட்டிவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஆயுதபூஜைக்கு வண்டியில்லாம எப்படீங் இருக்கறது? இது ஒண்ணுதானுங் வளைவுல திரும்பி உள்ள வந்துச்சு. எடுங் மச்சான். பழத்து மேல ஏத்தோணும்."

பக்கத்துக் கார்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்தேன். வேனை ஒரு விரலால் தள்ளினேன். பழம் நசுங்குமா? உருண்டது. வேன் கவிழ்ந்து சக்கரம் மேலே பார்த்தது.

மரகதம் படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. இறங்கி வந்து என் கையிலிருந்த மாலையை வாங்கினாள். வேனை நிமிர்த்தி வைத்தாள். மாலையை அதன் மேல் சுற்றினாள், மறுபடி சுற்றினாள், முழுவதும் சுற்றி முடித்தபோது பூக்குவியல்தான் இருந்தது, வேன் தெரியவில்லை. எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அளவு செரியா இருக்குதுங்ளாண்ணா?" என்றாள்.

"இல்ல மரகதம்" என்றேன். "செரியா இல்ல."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவை.

"இந்த ஒரு வார்த்தைக்கு ரெண்டரை வருசம் ஆச்சுதுங்ளா உங்களுக்கு?"

பதிலுக்கு நிற்காமல் மாடிக்குப் போய்விட்டாள். தண்டபாணி பக்கத்துக் கார்க் குழந்தைகளுக்குப் பொரி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டுப் போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. பஸ் வர நேரமாயிற்று. பொரி பையிலேயே நமுத்துவிட்டது.